போகிக்கு முன் பரணைப் பாருங்கள்

பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ ஒரு பழைய கை வீடியோ கேமைப் போட்டு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும்,



மார்கழி பாதி கடந்துவிட்டது. இன்னும் சில நாளில் உங்கள் வீட்டில் யாராவது ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறுவார்கள். பழைய பாய், பஞ்சு பிதுங்கிய தலையணை, மூடி தொலைந்த டப்பாக்கள் எல்லாம் கீழே வரும். அவற்றோடு ஒரு தகர பிஸ்கட் டப்பாவும் வரும். திறந்தால் நூல்கண்டு, எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவிகள், அறுந்த இயர்போன். அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. சின்னத் திரை, இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பொத்தான், வலது பக்கம் இரண்டு வட்டப் பொத்தான்கள். ஸ்விட்சைத் தள்ளிப் பார்ப்பீர்கள். ஒன்றும் வராது. "இது எப்பவோ செத்துப்போச்சு" என்று ஒரு குரல் கேட்கும். அடுத்த நிமிடம் அது பழைய பேப்பர் கடைக்காரரின் கோணிக்குள் இருக்கும்.

அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அது சாகவில்லை. அதற்குள் இருக்கும் ஒன்று சாகப்போகிறது. இரண்டும் வேறு வேறு. கோணிக்குள் போடுவதற்கு முன் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கையில் அது எப்படி வந்தது என்று என்னால் ஊகிக்க முடியும். தொண்ணூறுகளிலோ இரண்டாயிரத்தின் தொடக்கத்திலோ சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒரு மாமா வந்திருப்பார். கோடாலித் தைலத்துக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே துண்டில் சுற்றி அதைக் கொண்டுவந்திருப்பார். இல்லையென்றால் அப்பா பர்மா பஜாரில் அரைமணி நேரம் பேரம் பேசி வாங்கியிருப்பார். கட்டம் கட்டமாக விழுகிற ப்ரிக் கேம் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. அதையும் எறியச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நான் இங்கே பேசுவது கேசட்டோ தட்டோ மாற்றிப் போடுகிற ரகத்தைப் பற்றி. கேம் பாய், கேம் பாய் கலர், கேம் பாய் அட்வான்ஸ், அவற்றுக்குப் பின் வந்த டிஎஸ், பிஎஸ்பி.

என் கதையைச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து இரண்டு கேம் பாய் கலர் வாங்கி வந்தார். எனக்கு உள்ளே இருக்கிற சர்க்யூட் தெரிகிற ஊதா. அவர் மகன் செல்வகுமாருக்கு மஞ்சள். எனக்குப் போகிமான் ப்ளூ கேசட், அவனுக்கு ரெட். இரண்டையும் இணைக்க ஒரு கேபிள். ஆட்டம் தொடங்கும்போது பெயர் கேட்கும். ஆங்கிலத்தில் ஏழு எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. அவன் பெயர் 'செல்வகு' என்று நின்றுவிட்டது. அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கே அவன் செல்வகு.

கற்பனைப் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கிற அந்த விளையாட்டைச் செய்தவர்கள் ஒரு காரியம் பண்ணியிருந்தார்கள். ரெட்டில் கிடைக்கிற ஸ்கைதர் ப்ளூவில் வராது. ப்ளூவில் கிடைக்கிற மியாவ்த் ரெட்டில் வராது. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தனியாளாக எல்லாவற்றையும் சேர்க்க முடியாது. பக்கத்தில் இன்னொருவன் வேண்டும், இடையில் கேபிள் வேண்டும். இதை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். கேம் பாய் கேபிளைப் பார்த்தபோது, அதன் வழியாக ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் பூச்சிகள் ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியது. போகிமான் அங்கேதான் முளைத்தது. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் அது வந்தபோது கேம் பாய்க்கு ஏழு வயது ஆகப்போகிறது. பழசாகிவிட்டது என்று பலர் கைகழுவிய பெட்டி அந்தக் கேபிளால் மறுபடி எழுந்து நின்றது.

செல்வகு தான் வளர்த்த கடாப்ராவை எனக்கு அனுப்பினான். கேபிளுக்குள் ஒரு உருண்டை உருண்டு வருவதைத் திரையில் காட்டும். என் பக்கம் வந்து சேர்ந்ததும் அது அலகசாமாக மாறியது. அந்த மாற்றம் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் நடக்கும். தானே வைத்துக்கொண்டால் கடைசிவரை கடாப்ராதான். கை மாறினாலும் முதலில் பிடித்தவர் பெயர் அதன் மேல் அப்படியே இருக்கும். அழிக்க வழியில்லை.

செல்வகு கனடா போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. அவனுடைய மஞ்சள் கேம் பாய், வீடு மாற்றும்போது சித்தி கொடுத்த சாமான்களோடு காயலான் கடைக்குப் போய்விட்டது. சித்திமேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. என்னுடையது பரணில் இருந்தது. 2021 ஊரடங்கில் இறக்கினேன். பென்சில் செல் இரண்டும் கசிந்து வெள்ளை பூத்திருந்தன. துடைத்துச் சுத்தம் செய்து, புது செல் போட்டு, ஸ்விட்சைத் தள்ளினேன். அந்த 'டிங்' சத்தம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், அலகசாமுக்குக் கீழே அதே ஏழு எழுத்து. செல்வகு.

போனில் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அங்கே நள்ளிரவு. உடனே கூப்பிட்டான். "என்ன லெவல்ல இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டான். ஒரு மணி நேரம் பேசினோம். அதற்கு முன் நாங்கள் இருவரும் அப்படிப் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "அதை பத்திரமா காப்பி எடுத்து வைடா" என்றான். சரி என்றேன். அதற்கான கருவி வாங்க வேண்டும். அடுத்த வாரம் என்றேன், அடுத்த மாதம் என்றேன். 2022 மார்கழியில் பரண் சுத்தம் செய்யும்போது ஞாபகம் வந்து ஆன் செய்தேன். 'புதிய ஆட்டம்' என்ற வரிதான் முதலில் நின்றது. தொடர்வதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே இருந்த செல் தீர்ந்திருந்தது.

அதை அவனிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. நீங்கள் அப்படி ஒரு போன் பேச வேண்டாம் என்றுதான் இவ்வளவையும் சொல்கிறேன்.

அந்தக் காலத்துக் கேசட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். விளையாட்டு ஒரு சில்லில் இருக்கிறது. அது அழியாது. நீங்கள் விளையாடிச் சேர்த்தது, அதாவது உங்கள் பெயர், நீங்கள் தாண்டிய ஊர்கள், பிடித்தவை எல்லாம், வேறொரு சில்லில் இருக்கிறது. அதற்கு எந்நேரமும் ஒரு சொட்டு மின்சாரம் வேண்டும். அதைக் கொடுப்பது ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பட்டன் செல். பெட்டியை நீங்கள் தொடாவிட்டாலும், பரணில் இருட்டில் கிடந்தாலும், அந்தச் செல் இருபது இருபத்தைந்து வருஷமாக உங்கள் குழந்தைப்பருவத்தை விழித்திருந்து காத்துவருகிறது. போகிமான் கோல்ட், சில்வரில் பகல் இரவு பார்க்கும் கடிகாரமும் அதே செல்லில் ஓடுவதால் அவை இன்னும் சீக்கிரம் தீர்ந்தன. பல கேசட்டுகளில் இந்நேரம் முடிந்திருக்கும். சிலவற்றில் இந்த மாதம் முடியும். உங்களுடையது எந்த வகை என்று ஆன் செய்து பார்க்காமல் தெரியாது. அழியப்போவது வெறும் 32 கிலோபைட். உங்கள் போனில் இருக்கிற ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது. அவ்வளவு சின்ன ஒன்றைக் காப்பாற்ற இடமில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

"விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இந்தச் சாமானைச் செய்த மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். குன்பே யோகோய். கியோட்டோவில் நின்டெண்டோ நிறுவனம் சீட்டுக்கட்டு தயாரித்த காலத்தில், 1965ல், இயந்திரங்களைப் பராமரிக்கச் சேர்ந்தவர். ஒருநாள் ரயிலில் அலுவலகம் போகிற ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அந்தக் கால்குலேட்டரின் திரையையும் சில்லையும் வைத்தே ஒரு விளையாட்டுப் பெட்டி செய்ய முடியும் என்று நினைத்தார். 1980ல் கேம் அண்ட் வாட்ச் வந்தது. 1982ல் அந்த வரிசையில் வந்த டாங்கி காங் பெட்டிக்காக அவர் வடிவமைத்ததுதான் அந்தக் கூட்டல் குறிப் பொத்தான். இன்றைக்கு உலகில் நீங்கள் தொடுகிற ஏறக்குறைய எல்லா கேம் கன்ட்ரோலரிலும் அதன் வாரிசு இருக்கிறது.

1989ல் கேம் பாயைச் செய்தபோது அவர் எடுத்த முடிவை நான் வெகுவாக மதிக்கிறேன். வண்ணத் திரை அப்போதே சாத்தியம். அதே ஆண்டு வந்த அடாரி லிங்க்ஸிலும் அடுத்த ஆண்டு வந்த சேகா கேம் கியரிலும் வண்ணம் இருந்தது, திரைக்குப் பின்னால் விளக்கும் இருந்தது. ஆறு பென்சில் செல் போட்டாலும் சில மணி நேரத்தில் அவை தீர்ந்துவிடும். யோகோய் பச்சை பூசின மாதிரி ஒரு திரையை, நாலே நாலு சாயல் காட்டுகிற மலிவான திரையை, தெரிந்தே தேர்ந்தெடுத்தார். நாலு செல்லில் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியது. புதுசாக வந்ததன் பின்னால் ஓடாமல், விலை மலிந்து எல்லோருக்கும் பழகிப்போன பொருளை வேறு கோணத்தில் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. பென்சில் செல்லைச் சுவரில் தேய்த்தும் வெயிலில் காயவைத்தும் இன்னொரு நாள் ஓட்டிய நம் வீடுகளுக்கு அந்தக் கொள்கையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கேம் பாயும் கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன. 1993ல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரெப்ரோவ் டெட்ரிஸ் கேசட்டோடு ஒன்றை மீர் நிலையத்துக்கே கொண்டுபோனார். வளைகுடாப் போரில் வெந்து முகம் உருகிப்போன ஒரு கேம் பாய், நியூயார்க்கில் நின்டெண்டோ கடையில் பல வருஷம் டெட்ரிஸ் ஓடிக்கொண்டே காட்சிக்கு இருந்தது. தீயில் உருகியும் பிழைத்த ரகம் உங்கள் பரணில் செத்துவிட்டது என்று நீங்கள் முடிவுகட்டுவதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

"எல்லாம் போனிலேயே இருக்கே" என்பது அடுத்த பேச்சு. இதை என் நண்பர்களே சொல்கிறார்கள். விளையாட்டின் நகலை போனில் ஓட்ட முடியும், உண்மைதான். ஆனால் கண்ணாடியில் விரலுக்கு விளிம்பு தெரியாது. கட்டை விரல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்க வேண்டும். கேம் பாயில் கண் திரையில், விரல் பொத்தானில், இரண்டும் ஒன்றையொன்று தேட வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தப் பெட்டி உங்கள் குழந்தையிடம் எதையும் கேட்காது. விளம்பரம் காட்டாது, வைரம் வாங்கு நாணயம் வாங்கு என்று அப்பாவின் கார்டைக் கேட்காது. நாளைக்கு வராவிட்டால் பரிசு போய்விடும் என்று பயமுறுத்தாது. விளையாட்டுக்கு முடிவு உண்டு. முடித்தவுடன் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடலாம். குழந்தை போனிலிருந்து தலையெடுப்பதில்லை என்று கவலைப்படும் பெற்றோரே, அதற்கான மருந்தில் ஒரு துளி உங்கள் பிஸ்கட் டப்பாவிலேயே கிடக்கிறது.

டப்பாவில் பெட்டி மட்டும் இருக்காது. தயவுசெய்து மற்ற துண்டுதுணுக்குகளையும் பாருங்கள். என் மனம் அதிகம் அடித்துக்கொள்வது அவற்றுக்காகத்தான். கேசட்டையாவது 'ஏதோ கேம்' என்று எடுத்து வைப்பார்கள். கேபிளை 'எதுக்கோ உள்ள ஒயர்' என்று எறிந்துவிடுவார்கள். அந்த ஒயர் இல்லாவிட்டால் கடாப்ரா என்றைக்கும் கடாப்ராதான். முதல் கேம் பாயின் இணைப்புத் துளை பெரிது, 1996ல் வந்த கேம் பாய் பாக்கெட்டிலிருந்து சிறிது. அதனால் ஒன்றின் கேபிள் மற்றதற்குச் சேராது. உங்களிடம் இருப்பது எதுவென்று பார்த்து அதனதன் பெட்டியோடு கட்டி வையுங்கள். வளைந்து நிற்கிற பாம்பு மாதிரி ஒரு சின்ன விளக்கு கிடைக்கலாம். கேம் பாய் கலருக்குத் திரை வெளிச்சம் கிடையாது. மின்வெட்டில் ஒருவன் டார்ச் பிடிக்க இன்னொருவன் ஆடின வீடுகளுக்கு அந்த விளக்கின் அருமை தெரியும். திரைமேல் மாட்டுகிற பூதக்கண்ணாடி கிடைக்கலாம். தலையில் ஒற்றைக் கண் உருண்டையாக நிற்கும் ஒரு கேசட் கிடைத்தால், அது கேம் பாய் கேமரா, 1998ல் வந்தது. 128க்கு 112 புள்ளி, நாலு சாயல், மொத்தம் முப்பது படம். அந்தப் படங்களும் பட்டன் செல்லின் தயவில்தான் இருக்கின்றன. இன்று இல்லாத ஒரு பாட்டி அதற்குள் கட்டம் கட்டமாகச் சிரித்துக்கொண்டிருக்கலாம். அந்தச் செல் தீர்ந்தால் அந்தச் சிரிப்புக்கு வேறு நகல் உலகில் இல்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? கீழே இறக்கியதும் முதல் வேலையாக பென்சில் செல்களை எடுத்துவிடுங்கள். பரணில் பெட்டியைக் கொல்வது அநேகமாக அவற்றின் கசிவுதான். ஆல்கலைன் செல் கசிந்து பூத்த வெள்ளையை, வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிட்டால் போதும். டிஎஸ், பிஎஸ்பி என்றால் பின்மூடியைத் தடவிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், மின்னணுக் கழிவு எடுக்கிற இடத்தில் கொடுங்கள். போகித் தீயில் மட்டும் எந்தச் செல்லையும் போடாதீர்கள். அது வெடிக்கும்.

பிறகு கேசட்டின் தங்க நிறப் பற்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதித்தான் வளர்ந்தோம், ஆனால் மூச்சின் ஈரம் அந்தப் பற்களை அரிக்கும். ஆன் செய்து பழைய ஆட்டம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே போனில் அதைப் படம் எடுங்கள். அதன்பின், கேசட்டைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் கேட்ரிட்ஜ் ரீடர் என்கிற சின்னக் கருவியால் சேமிப்பை நகல் எடுங்கள். உங்களிடம் இல்லாவிட்டால், இந்த ஆர்வம் உள்ள யாரிடமாவது இருக்கும், கேளுங்கள். நகல் எடுத்த பிறகுதான் பட்டன் செல்லை மாற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். செல்லைக் கழற்றிய கணத்தில் உள்ளே இருப்பது போய்விடும். ஈயம் வைக்கக் காது வைத்த செல்லாகப் பார்த்து வாங்குங்கள், வெறும் செல்லின் மேல் சூட்டுக்கோல் வைக்கக் கூடாது. ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் செல்போன் சர்வீஸ் கடையிலோ போர்டு வேலை தெரிந்தவருக்கு இது பத்து நிமிட வேலை. நகலைக் கேசட்டில் திரும்ப ஏற்றிவிட்டால் இன்னொரு இருபது வருஷம் கவலையில்லை.

கேம் பாய் அட்வான்ஸில் போகிமான் ரூபி, சஃபையர் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். பேட்டரி தீர்ந்தது என்று திரையில் வந்தாலும் அதில் கடிகாரம்தான் நிற்கும், சேமிப்பு வேறு சில்லில் பத்திரமாக இருக்கும். 3டிஎஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருங்கள். அதன் இணையக் கடை 2023 மார்ச் 27ல் மூடப்பட்டது. இறக்கி வைத்திருக்கும் விளையாட்டுகளை இனி அங்கே யாரும் புதிதாக வாங்க முடியாது. அமெரிக்காவில் வந்த பழைய வீடியோ கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் அதே ஆண்டு கணக்கெடுத்துச் சொன்னது. அவற்றில் எவ்வளவோ உங்களைப் போன்றவர்களின் அலமாரிகளில்தான் உயிரோடு இருக்கின்றன.

வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் அதுவும் சரி. எடைக்கு மட்டும் போடாதீர்கள். கோணிக்குள் போனால் அதற்குக் கிடைப்பது பிளாஸ்டிக் விலை. விளையாடுகிற ஒருவர் கையில் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பத்து வயசுப் பிள்ளைக்குக் கொடுங்கள். கேபிளோடு இரண்டு பெட்டி இருந்தால் பிரிக்காமல் இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உள்ளே பழைய ஆட்டம் இருந்தால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் முன் நகல் எடுக்கச் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக, பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தனியாகப் பரண் சுத்தம் செய்யப்போகிற அம்மாக்களுக்கும் சித்திகளுக்கும். அந்தப் பெட்டியின் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டாம். அது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாம். கையில் எடுத்து ஒரு படம் பிடித்து, "இது இங்க இருக்கு, என்ன பண்ணட்டும்?" என்று அவனுக்கோ அவளுக்கோ ஒரு வரி அனுப்புங்கள். பதில் வரும்வரை அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஊதா நிற கேம் பாய் கலர் ஒன்றை இன்னும் வைத்திருப்பவன்